தமிழ்நாட்டில் செலவு முடக்கச் சட்டம் கேட்கலாமா? வேலூரில் இருந்து ஒரு மனு

தொரப்பாடி_நலச்சங்கம்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்கள் சில சேர்ந்து வேலூர், காட்பாடி, அணைக்கட்டு எம்.எல்.ஏ.க்களிடம் மனு கொடுப்பதாக இருக்கிறோம். 2026 மார்ச் முடிவில் தமிழ்நாட்டின் கடன் 9,29,959 கோடி ரூபாயாக இருக்கும் என்று 2025-26 பட்ஜெட்டில் அரசே சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் 2011-லும் 2023-லும் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அரசுச் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. இங்கே மட்டும் ஏன் முடியாது என்பதுதான் எங்கள் கேள்வி.

மனுவில் மூன்று கோரிக்கைகள். மாநில அரசின் மொத்தச் செலவை மூன்று ஆண்டுக்கு இன்றைய அளவிலேயே நிறுத்திவைக்க ஒரு சட்டம். எல்லாத் துறையிலும் சரிசமமாக 5 சதவீதம் வெட்டு. அரசு கொண்டுவராவிட்டால் எங்கள் எம்.எல்.ஏ.வே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவருவது.

இது நடக்கிற காரியமா? எந்த இடத்தில் முட்டும்? நம்ம மாவட்டத்தில் யார் தலையில் விடியும்? சட்டப்பிரிவு, தொகை விவரத்தோடு சொன்னால் மனுவைத் திருத்திக்கொள்வோம்.

மானியக்கோரிக்கை:

மூன்றாவது கோரிக்கையை முதலில் பார்த்துவிடுவோம், அதில்தான் வழி அடைபட்டிருக்கிறது.

பட்ஜெட் பேரவைக்கு வரும் பாதை அரசியலமைப்பின் 202 முதல் 206 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. துறைவாரியாக மானியக் கோரிக்கை, அதாவது இந்தத் துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்ற கோரிக்கை, வைக்கப்படும். 203-ஆவது பிரிவின்படி பேரவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைத்து ஏற்கலாம். கூட்ட முடியாது. ஆக, குறைக்கும் அதிகாரம் இப்போதே எம்.எல்.ஏ.க்களிடம் இருக்கிறது. அதற்குப் பெயர் வெட்டுத் தீர்மானம். மக்களவை விதிகளில் இது மூன்று வகை. கொள்கையையே ஏற்கவில்லை என்றால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது. சிக்கனம் வேண்டும் என்றால் இன்ன தொகை குறைக்க வேண்டும் என்று எண் போட்டுச் சொல்வது. ஒரு குறையைப் பதிவு செய்ய 100 ரூபாய் குறைக்கச் சொல்வது. நீங்கள் கேட்பது இரண்டாவது வகை.

நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், வெட்டுத் தீர்மானம் நிறைவேறினால் அரசு பெரும்பான்மை இழந்ததாக அர்த்தம். ஆளுங்கட்சி உறுப்பினர் அதற்குக் கை தூக்க மாட்டார். எதிர்க்கட்சி கொடுப்பது திரும்பப் பெறப்படும் அல்லது தோற்கும். கடைசி நாளில் விவாதிக்காத கோரிக்கைகள் மொத்தமாக வாக்குக்கு விடப்பட்டு முடிந்துவிடும்.

மானியங்கள் நிறைவேறியதும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வரும். அந்தக் கட்டத்தில் தொகையை மாற்றும் எந்தத் திருத்தமும் கொடுக்கக் கூடாது என்று 204(2) கட்டிப்போடுகிறது. தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தாலும், தொகுப்பு நிதியில் (அரசின் வரவெல்லாம் சேரும் பொதுக் கணக்கு) இருந்து பணம் ஒதுக்குவது போன்ற 199-ஆவது பிரிவின் விஷயங்களைத் தொட்டால் 207-இன்படி ஆளுநர் பரிந்துரை இல்லாமல் அறிமுகமே ஆகாது. ஆளுநர் பரிந்துரை என்றால் அமைச்சரவை சம்மதம் என்று பொருள்.

இன்னொன்று. கடனுக்கான வட்டி, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், நீதிமன்றத் தீர்ப்பின்படி கட்ட வேண்டிய தொகை இவையெல்லாம் 202(3)-இன்படி வாக்கெடுப்புக்கே வராதவை. பேரவை பேசலாம், வெட்ட முடியாது.

அரசே கொண்டுவந்தால்? கொண்டுவரலாம். 2003-லேயே தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் வந்துவிட்டது. வருவாய்ப் பற்றாக்குறையை (வருவாய் வரவுக்கு மேல் போகும் அன்றாடச் செலவு) ஒழிப்பது, நிதிப் பற்றாக்குறையை (அந்த ஆண்டு மொத்தமாகக் கடன் வாங்க வேண்டிய தொகை) மாநில மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் வைப்பது என்று இலக்கு உண்டு. இலக்கு எட்டாத போதெல்லாம் அதே பேரவையில் திருத்தம் கொண்டுவந்து கெடுவைத் தள்ளிவைத்தார்கள். சாதாரணச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றிவிடலாம். உங்கள் முடக்கச் சட்டத்துக்கும் அதுதான் கதி.

இதைவிட முக்கியமானது: இங்கே செலவை நிறுத்தச் சட்டமே தேவையில்லை. பேரவை ஒதுக்கும் தொகை ஒரு மேல்வரம்பு, செலவழித்தே தீர வேண்டும் என்ற கட்டளை கிடையாது. நிதித்துறை ஒரு அரசாணை போட்டால் போதும். 2020 மே மாதம் அப்படித்தான் நடந்தது. அலுவலகச் செலவில் 20 சதவீதம், விளம்பரத்தில் 25 சதவீதம் குறைத்தார்கள். சால்வை, பூங்கொத்து, நினைவுப் பரிசுக்குத் தடை. அரசு செலவில் வெளிநாட்டுப் பயணம் கிடையாது. இதில் எதற்கும் பேரவை கூட வேண்டியிருக்கவில்லை.

நிதிச்சட்டம்_படிப்பவர்:

மேலே சொன்ன கடைசிப் பத்திதான் அமெரிக்காவுக்கும் நமக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம். அங்கே நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை அதிபர் தன்னிஷ்டத்துக்கு நிறுத்திவைக்க முடியாதபடி 1974-இல் ஒரு சட்டம் வந்தது. ரத்து செய்ய விரும்பினால் நாடாளுமன்றத்துக்கு எழுத வேண்டும். அவை அமர்வுக் கணக்கில் 45 நாளுக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் பணத்தை விடுவித்தாக வேண்டும். 2025-இல் வெளிநாட்டு உதவி, பொது ஒலிபரப்பு இரண்டிலும் சேர்த்துச் சுமார் 900 கோடி டாலரை ரத்து செய்தது இந்த வழியில்தான். ஒதுக்கீட்டில் தனக்குப் பிடிக்காத செலவு இனத்தை மட்டும் அதிபர் அடிக்கலாம் என்று 1996-இல் சட்டம் போட்டார்கள், 1998-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதனால்தான் அங்கே எல்லாவற்றுக்கும் மசோதா.

2011 சட்டத்தைச் சொன்னீர்கள். அது எப்படி நடந்தது என்று பார்த்தால் உங்கள் ‘சரிசமமாக 5 சதவீதம்’ எங்கே உடையும் என்று தெரியும். 2012 முதல் 2021 வரை ஆண்டுக்கு ஆண்டு உச்சவரம்பு. மேற்கொண்டு 1.2 லட்சம் கோடி டாலர் மிச்சம் பிடிக்க 12 பேர் கொண்ட குழு. குழு ஒப்புக்கொள்ளாவிட்டால் தானாக வெட்டு விழும் என்று விதி. வெட்டு எல்லாருக்கும் கசப்பாக இருக்கும், அந்தப் பயத்தில் உடன்பாடு வந்துவிடும் என்பது கணக்கு. உடன்பாடு வரவில்லை. 2013 மார்ச் 1-ஆம் தேதி 8,500 கோடி டாலர் வெட்டு விழுந்தது. முதியோர் ஓய்வூதியமும் ஏழைகள் மருத்துவத் திட்டமும் சட்டத்திலேயே விலக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்த சிறிய பகுதி முழுச் சுமையையும் தாங்கியது.

எந்த வேலையைக் குறைப்பது என்று தேர்ந்தெடுக்கத் துறைகளுக்கு இடமில்லை. ஒவ்வொரு கணக்குத் தலைப்பிலும் அதே விகிதம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்ப, ஏப்ரலில் விமானங்கள் தாமதமாயின. உடனே இன்னொரு சட்டம் போட்டு 25.3 கோடி டாலர் வரை வேறு தலைப்பில் இருந்து மாற்ற அனுமதித்தார்கள். விமானத்தில் போகிறவர்களுக்குக் குரல் இருந்தது, கிடைத்தது. அதே வெட்டில் இடம் இழந்த ஏழைக் குழந்தைகளின் முன்பருவப் பள்ளிகளுக்கு அந்த வேகத்தில் யாரும் சட்டம் போடவில்லை.

பிறகு 2013, 2015, 2018, 2019 என்று நான்கு முறை உச்சவரம்பை உயர்த்தினார்கள். போர்ச் செலவு உச்சவரம்பில் சேராது என்று ஒரு விலக்கு இருந்ததால், ராணுவத்தின் வழக்கமான செலவில் ஒரு பகுதியையும் அந்தத் தலைப்பில் எழுதினார்கள். எங்கே விலக்கு வைக்கிறீர்களோ அங்கேதான் பணம் ஒழுகும். சட்டம் எழுதுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

பிரேசிலையும் பாருங்கள். 2016 டிசம்பரில் அரசியலமைப்பையே திருத்தி, விலைவாசி உயர்வுக்கு மேல் 20 ஆண்டுக்குச் செலவு கூடக் கூடாது என்றார்கள். 2023-இல் அதை எடுத்துவிட்டு வேறு விதி வைத்தார்கள்.

கருவூலக்_கணக்கு:

சட்டத்தை விட்டுவிட்டு எண்ணுக்கு வருகிறேன். மனுவில் நீங்கள் போட வேண்டியது 9.3 லட்சம் கோடி என்ற ஒற்றை எண்ணை அல்ல சார், கீழே உள்ள பிரிவினையை.

2025-26 மதிப்பீட்டில் வருவாய் வரவு 3,31,569 கோடி. வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. இடையில் உள்ள 41,635 கோடி கடன் வாங்கித் தின்பது. இந்தச் செலவில் சம்பளம் சுமார் 90,500 கோடி. ஓய்வூதியம் சுமார் 41,300 கோடி. வட்டி சுமார் 70,800 கோடி. மானியங்களும் உதவித்தொகைகளும் சுமார் 1.54 லட்சம் கோடி. அதில் மகளிர் உரிமைத் தொகை மட்டும் 13,807 கோடி. இவை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், இயக்கவும் பராமரிக்கவும் மிஞ்சுவது ஏறக்குறைய 17,000 கோடிதான். ஆஸ்பத்திரி மின்கட்டணம், போலீஸ் ஜீப் டீசல், பள்ளிக் கட்டட மராமத்து, சாலைப் பள்ளம் அடைப்பது எல்லாம் இந்த 17,000-க்குள்.

இப்போது உங்கள் 5 சதவீதத்தைப் போடுங்கள். 3,73,204-இல் 5 சதவீதம் 18,660 கோடி. சம்பளம் தொடாதே, ஓய்வூதியம் தொடாதே, வட்டி தொட முடியாது, உரிமைத் தொகையில் கைவைத்தால் ஓட்டுப் போகும் என்றால், பராமரிப்பை முழுசாகத் துடைத்தாலும் வெட்டு நிறைவேறாது. மிச்சத்துக்கு, சாலை, கட்டடம் என்று புதுச் சொத்து உருவாக்கும் மூலதனச் செலவில் கைவைப்பார்கள். அது 57,231 கோடி.

முடக்கம் இன்னும் நைச்சியமாக வேலை செய்யும். மொத்தத்தை 3,73,204-லேயே மூன்று ஆண்டு நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். நிதிப் பற்றாக்குறை ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடிக்கு மேல். புதுக் கடனுக்கு 7 சதவீத வட்டி என்றாலும் வட்டிச் செலவு ஒவ்வொரு ஆண்டும் 7,000 கோடிக்கு மேல் கூடும். அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை கூடும். ஓய்வு பெறுகிறவர் எண்ணிக்கை நம் கையில் இல்லை. மொத்தம் நகராமல் இவை மட்டும் வளர்ந்தால், இரண்டே ஆண்டில் வட்டி உயர்வு மட்டும் பராமரிப்புப் பணத்தில் பெரும்பகுதிக்குச் சமமாகிவிடும். அப்போது ‘செலவு கூடவில்லை’ என்று அரசு சொல்வது உண்மையாகவும் இருக்கும், அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமலும் இருக்கும்.

மின்கட்டணம் நல்ல உதாரணம். 2024 ஜூலையில் மின்கட்டணம் 4.83 சதவீதம் ஏறியது. அலுவலகச் செலவுத் தலைப்பு முடங்கியிருந்தால் ஏறிய தொகையை எங்கே இருந்து கட்டுவது? கட்ட மாட்டார்கள். பாக்கி வைப்பார்கள். மின்வாரியத்தின் நஷ்டம் கூடும். அந்த நஷ்டத்துக்கு மாநில அரசே மானியம் கொடுக்கும். இடது பாக்கெட்டில் மிச்சம் பிடித்தது வலது பாக்கெட்டில் போகிறது, நடுவில் வட்டி வேறு.

இதிலிருந்து இந்தத் தலைப்பில் யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். அரசுக் கணக்கு ரொக்க அடிப்படையில் எழுதப்படுகிறது. பணம் கருவூலத்தை விட்டு வெளியே போன நாளில்தான் செலவு. வேலை முடிந்து, அளவெடுத்து, பில் போட்டு, ஒதுக்கீடு இல்லை என்று மேசையில் கிடக்கிற தொகை அந்த ஆண்டுச் செலவில் வராது. மார்ச் 31-ஆம் தேதியோடு ஒதுக்கீடு காலாவதி. ஏப்ரலில் புது ஒதுக்கீட்டில் முதல் வேலை பழைய பில்லைக் கட்டுவது. முடக்கச் சட்டம் வந்தால் துறைகள் செய்யக்கூடிய மிக எளிதான காரியம் மார்ச் பில்லை ஏப்ரலுக்குத் தள்ளுவது. தாளில் வெட்டு நிறைவேறிவிடும், ஒரு பைசா மிச்சமாகியிருக்காது. பொருளோ சேவையோ கொடுத்த குறு, சிறு நிறுவனமாக இருந்தால் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். அதுவும் நம் தலையில்தான்.

உண்மையான மிச்சம் எது, தள்ளிவைத்தது எது என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். 2020 ஏப்ரலில் அகவிலைப்படியை 17 சதவீதத்தில் நிறுத்தினார்கள். 2022 ஜனவரி முதல் 31 சதவீதமாக உயர்த்தினார்கள், இடைப்பட்ட காலத்துக்கு நிலுவை தரவில்லை. ஊழியர்களுக்குப் பெரிய அடி, ஆனால் கணக்கில் அது உண்மையான மிச்சம். அதே 2020 மே மாதம் ஓய்வு வயதை 58-இல் இருந்து 59 ஆக்கினார்கள், 2021-இல் 60. பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் அந்த ஆண்டு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இது தள்ளிவைத்தது. பிறகு கொடுத்தே ஆக வேண்டும், அதுவும் உயர்ந்த சம்பளக் கணக்கில்.

எம்புக்:

பராமரிப்பை 20 சதவீதம் வெட்டினால் தரையில் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன். ஒடுகத்தூர் பக்கத்து ஒன்றியச் சாலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 3.75 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குப் பரப்பு 3,750 சதுர மீட்டர். மேலே 20 மில்லிமீட்டர் தார்க் கலவை விரிக்க 75 கன மீட்டர் கலவை வேண்டும். அதற்குக் கீழே டேக் கோட் (ஒட்டுவதற்கான தார்ப் பூச்சு), மேலே சீல் கோட் (தண்ணீர் இறங்காமல் அடைக்கும் பூச்சு).

பணம் 20 சதவீதம் குறைந்தால் மூன்று வழி. ஒன்று, கிலோமீட்டருக்கு 800 மீட்டர் போட்டுவிட்டு நிறுத்துவது. இதுதான் நேர்மையான வழி, ஆனால் விடுபட்ட 200 மீட்டரில் வீடு உள்ளவர்கள் சாலை மறியல் செய்வார்கள். அதனால் நடப்பது இரண்டாவது: நீளம் குறையாமல் கனத்தைக் குறைப்பது. இந்தக் கலவையில் போடும் ஜல்லி 13.2, 11.2 மில்லிமீட்டர் அளவு. 20 மில்லிமீட்டர் கனத்தில்தான் அது ஒன்றோடொன்று பூட்டி நிற்கும். 15, 16-க்கு இறக்கினால் ரோலர் ஏறும்போதே ஜல்லி உடையும், முதல் மழையில் கையால் அள்ளலாம். மூன்றாவது, சீல் கோட்டை விடுவது. இந்த வகைக் கலவை இடைவெளி உள்ளது. சீல் கோட் இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை நேராக அடித்தளத்துக்கு இறங்கும்.

மேல்தளம் மட்டும் தேய்ந்திருக்கும்போது புதுப்பித்தால் தார் வேலையோடு முடியும். ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டு அடித்தளம் ஊறிவிட்டால் ஜல்லிப் படுகையைத் தோண்டி எடுத்து, ஈரக் கலவை போட்டு, உருட்டி, பிறகுதான் தார். செலவு மடங்குக் கணக்கில் ஏறும். அந்தத் தொகை பராமரிப்புத் தலைப்பில் வராது, அடுத்த ஆண்டு ‘புதிய பணி’ என்று மூலதனத் தலைப்பில் வரும். முடக்கத்தால் வந்த கூடுதல் செலவு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கரும்பு லாரி போகிற சாலை என்றால் இன்னும் சீக்கிரம்.

அதனால் மனுவில் ‘எல்லாத் துறையிலும்’ என்று எழுதாதீர்கள். குழாய், சாலை, கட்டடம், மோட்டார், இவற்றின் பராமரிப்பைத் தனியாகக் காப்பாற்றச் சொல்லுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்:

எல்லாரும் ஏன் முடியாது என்பதையே சொல்கிறீர்கள். நான் உடன்படவில்லை. வரம்பு என்று ஒன்று இல்லாவிட்டால் எந்தத் துறையும் தானாகக் குறைக்காது. நிதித்துறை செயலாளர் ‘இல்லை’ என்று சொல்ல ஒரு சட்டத்தின் துணை வேண்டும். 2003 சட்டம் பல முறை திருத்தப்பட்டது உண்மை. ஆனால் திருத்த வேண்டியிருந்ததால்தான் ஒவ்வொரு முறையும் அரசு பேரவையில் நின்று காரணம் சொன்னது. அதுவும் இல்லாவிட்டால் 3 சதவீதம் என்ற பேச்சே இருக்காது. 2025-26 மதிப்பீட்டில் நிதிப் பற்றாக்குறை 3 சதவீதத்தில் நிற்கிறது என்றால் அந்தக் கோடு பயன்படுகிறது என்றுதானே அர்த்தம்?

அதோடு சம்பளச் செலவைத் தொடவே முடியாது என்பதும் சரியில்லை. 2001-இல் வேலை நியமனத் தடை வந்தது, 2006 வரை இருந்தது. 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்கு, ஊழியரும் பணம் கட்டும் பங்களிப்பு ஓய்வூதியம் கொண்டுவந்தார்கள். மனம் இருந்தால் முடியும்.

கருவூலக்_கணக்கு:

நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். கோடு வேண்டும். எந்த எண்ணின் மேல் கோடு போடுகிறோம் என்பதில்தான் எனக்கு வேறுபாடு. பற்றாக்குறையின் மேல் கோடு போட்டால் அரசு வரி வசூலைக் கூட்டியும் சமாளிக்கலாம், வீண் செலவைக் குறைத்தும் சமாளிக்கலாம். மொத்தச் செலவின் மேல் போட்டால் ஒரே கதவுதான். பத்திரப்பதிவிலும் வணிக வரியிலும் நன்றாக வசூலான ஆண்டில்கூடப் பள்ளிக்கு ஒரு ஆசிரியரைச் சேர்க்க முடியாது.

3 சதவீதக் கோட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. நிதிப் பற்றாக்குறை 3-க்குள் இருந்தாலும் அதில் 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறைக்குப் போகிறது. சொத்து உருவாக்கக் கிடைப்பது அவ்வளவு குறைகிறது. கறாரான கோடு வருவாய்ப் பற்றாக்குறையின் மேல்தான் தேவை.

நியமனத் தடையால் சம்பளம் மிச்சமானது உண்மை. ஆனால் காலியிடம் எந்த வேலை அதிகம் தேவையோ அங்கே விழாது, யார் ஓய்வு பெறுகிறார்களோ அங்கே விழும். மலைப் பகுதியில் கிராம சுகாதார செவிலியர் இடம் காலியானால் காலிதான். மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகத்தில் வேலையில்லாத பிரிவு அப்படியே இருக்கும். அடுத்து அவுட்சோர்சிங். தூய்மைப் பணியாளர் சம்பளம் சம்பளத் தலைப்பில் இருந்து மறைந்து ஒப்பந்தத் தலைப்பில் வரும். மொத்தம் கொஞ்சம் குறையும், குறைந்தது முழுக்க அந்தத் தொழிலாளியின் கையில் இருந்து போனது. வெட்டு என்று கேட்கும்போது யாரிடமிருந்து என்று எழுதாவிட்டால் அது எப்போதும் எதிர்த்துக் கேட்க முடியாதவரிடம் போய் நிற்கும். மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துதான் போட வேண்டும்.

அடிப்படை ஆண்டு பற்றியும் ஒரு வார்த்தை. வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் மூன்றாகப் பிரிந்தது. அந்த ஆண்டின் செலவை வைத்து முடக்கியிருந்தால் ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் நான்கு மாதச் செலவுதான் அடிப்படையாக இருந்திருக்கும். இப்படி ஓர் ஊரின் கதையை எந்தப் பொது விதியும் பார்க்காது. அடிப்படை ஆண்டு என்று ஒன்று வைத்தால், அதற்குப் பின் உருவான அலுவலகங்களுக்கு எப்படிக் கணக்கு என்று அட்டவணையில் எழுதியாக வேண்டும்.

தொரப்பாடி_நலச்சங்கம்:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. ‘சரிசமமாக 5 சதவீதம்’ என்ற வரியை எடுத்துவிடுகிறோம். இரண்டு சந்தேகம். மாநகராட்சிச் செலவும் இந்தச் சட்டத்துக்குள் வருமா? தெருவிளக்கும் குடிநீரும்தான் எங்கள் உறுப்பினர்கள் முதலில் கேட்பார்கள். அப்புறம், முடக்கம் கேட்காமல் வேறு என்ன கேட்டால் உருப்படியாக இருக்கும்?

மானியக்கோரிக்கை:

மாநகராட்சி பட்ஜெட் மாநிலத் தொகுப்பு நிதிக்குள் வராது. அது மன்றத்தில் நிறைவேறுவது. வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று தனிக் கணக்கு. ஆனால் மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்கு வருகிறது. வசூல் கூடினால் அந்தப் பங்கும் தானாகக் கூட வேண்டும். மாநிலச் செலவை முடக்கினால் இந்தப் பங்கும் செலவுத் தலைப்புதான் என்பதால் முடங்கும். வசூல் கூடியும் வேலூருக்குப் பங்கு கூடாது. பிறகு மாநகராட்சிக்கு இருக்கிற வழி சொத்து வரி. 2022-இல் வீட்டுப் பரப்புக்கு ஏற்ப 25, 50, 75, 100 சதவீதம் என்று ஏற்றியதைப் பார்த்தீர்கள். அதற்கு ஒரு காரணம் மத்திய நிதிக்குழு மானியம் பெற 15-ஆவது நிதிக்குழு வைத்த நிபந்தனை. மாநிலத்தில் முடக்கிய செலவு உங்கள் வீட்டு வரிச்சீட்டில் வந்து சேரும்.

குடிநீரில் இன்னும் நுணுக்கம். மேட்டூரில் இருந்து வருகிற காவிரி கூட்டுக் குடிநீருக்கு நீரேற்றும் மின்கட்டணம் நிற்காத செலவு. பாக்கி சேர்ந்தால் மாநிலம் தரும் பங்கிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். அதனால் மன்றத்தில் ‘வரவு’ என்று காட்டும் தொகையை மட்டும் பார்க்காமல் பிடித்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

மனுவுக்கு நான் வைக்கும் வாசகம் இதோ. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

2003-ஆம் ஆண்டு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் கேளுங்கள்: ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 31 அன்று, வேலை முடிந்தும் பணம் கொடுக்கப்படாத பில்களின் பட்டியல், துறைவாரியாக, மாவட்டவாரியாக, எத்தனை நாள் நிலுவை என்பதோடு, நடுத்தர கால நிதித் திட்டத்துடன் பேரவையில் வைக்கப்பட வேண்டும். அமெரிக்காவிலும் பிரேசிலிலும் போட்ட எந்த உச்சவரம்பையும்விட இந்த ஒரு பட்டியல் அதிகம் சொல்லும். இதற்கு அரசுக்குப் பெரிய செலவும் இல்லை. பில்கள் ஏற்கெனவே கணினி வழியாகத்தான் கருவூலத்துக்குப் போகின்றன.

அடுத்து, அரசாணை மூலம் சிக்கன நடவடிக்கை எடுத்தால் சாலை, குடிநீர், மருத்துவமனை, பள்ளிக் கட்டடப் பராமரிப்புத் தலைப்புகளில் கைவைக்கக் கூடாது என்றும், அந்தத் தலைப்பில் இருந்து வேறு தலைப்புக்கு மறு ஒதுக்கீடு செய்தால் காரணத்தோடு அடுத்த துணை மதிப்பீட்டில் (ஆண்டு நடுவே பேரவையில் கூடுதல் தொகை கேட்கும் அறிக்கை) சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். விலக்குப் பட்டியல் நீளக் கூடாது. நீண்டால் மேலே நண்பர் சொன்ன போர்ச் செலவுக் கதைதான், எல்லாம் ‘பராமரிப்பு’ ஆகிவிடும். எது பராமரிப்பு என்பதற்குக் கணக்குத் தலைப்பு எண்ணையே சட்ட அட்டவணையில் போடச் சொல்லுங்கள், வார்த்தையில் விடாதீர்கள்.

சிக்கனமும் கேட்கத்தான் வேண்டும், அதைக் குறிப்பாகக் கேளுங்கள். காட்பாடி நண்பர் சொன்ன ஒழுங்கு அப்போதுதான் வரும். உங்கள் எம்.எல்.ஏ.வுக்குத் தொகையும் தலைப்பும் போட்டு ஒரு வெட்டுத் தீர்மான வரைவே எழுதிக் கொடுங்கள். ஒரு தீர்மானம் ஒரே மானியக் கோரிக்கையை, அதில் ஒரே விஷயத்தைத் தொட வேண்டும். நகராட்சி நிர்வாகமும் குடிநீர் வழங்கலும் 34-ஆவது கோரிக்கை, ஊரக வளர்ச்சி 42, நெடுஞ்சாலை 21, மருத்துவம் 19, பள்ளிக் கல்வி 43. தீர்மானம் தோற்கும், ஆனால் அமைச்சர் பதிலுரையில் அந்தத் தலைப்புக்குப் பதில் சொல்ல வேண்டிவரும், அது அவைக் குறிப்பில் ஏறும். அதே கேள்வியை, அரசுச் செலவுத் தணிக்கையை ஆராயும் பேரவையின் பொதுக் கணக்குக் குழு உறுப்பினர் ஒருவருக்கும் அனுப்புங்கள். ஒதுக்கி, செலவழிக்காமல் மார்ச் கடைசியில் ஒப்படைத்த தொகைகளைத் தணிக்கை அறிக்கை ஆண்டுதோறும் கோரிக்கை வாரியாகத் தருகிறது. எதை வெட்டலாம் என்று தேட அதுதான் முதல் இடம். தொடர்ந்து மூன்று ஆண்டு ஒப்படைக்கப்படுகிற தலைப்பை வெட்டச் சொன்னால் யாருடைய சோற்றிலும் மண் விழாது.

மனு கொடுக்கும் நேரம் முக்கியம். துறைகள் அடுத்த ஆண்டு மதிப்பீட்டை அக்டோபர், நவம்பரில் நிதித்துறைக்கு அனுப்பும். செப்டம்பருக்குள் மனு போய்ச் சேர வேண்டும். பட்ஜெட் வாசித்த பிறகு கொடுத்தால் அந்த ஆண்டுக்கு அச்சடித்த எண்களை யாரும் மாற்ற மாட்டார்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுப்பதோடு நிற்காதீர்கள், அது மாவட்டத்துக்குள்ளேயே சுற்றிவரும். எம்.எல்.ஏ.க்குக் கொடுக்கும் பிரதியில் பேரவைச் செயலகத்துக்கு, நிதித்துறைச் செயலாளருக்கு என்று தனித்தனி முகப்புக் கடிதம் வையுங்கள்.

எம்புக்:

ஒரு சேர்க்கை. நிலுவைப் பில் பட்டியலில் ‘பில் பெறப்பட்ட தேதி’ என்று போட்டால் ஏமாற்ற வழி இருக்கிறது. பணம் இல்லாத நேரத்தில் பில்லையே வாங்காமல் ‘அப்புறம் கொண்டுவா’ என்பார்கள். அளவுப் புத்தகத்தில் உதவிப் பொறியாளர் அளவெடுத்துக் கையெழுத்திட்ட தேதியில் இருந்து நாள் எண்ணப்பட வேண்டும் என்று எழுதுங்கள். பொருள் வாங்கும் துறைகளுக்கு இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்த தேதி.